கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது

அந்த நாற்காலி வேண்டாம் அக்கா, ஒரு கால் ஆடும். கட்டிலில் உட்காருங்கள். துணியெல்லாம் துவைத்ததுதான், ஒதுக்கிவிடுங்கள், மடிக்கத்தான் நேரமில்லை. ஐயோ, தரையிலா? சரி, உங்கள் இஷ்டம். காலையிலிருந்து படி ஏறி இறங்கினால் காலை நீட்டத்தான் தோன்றும். நான் எழுந்து வரவில்லை என்று தப்பாக நினைக்காதீர்கள். தொட்டில் கயிற்றை விட்டால் இவள் எழுந்துவிடுவாள். இப்போதுதான் தூங்கினாள். மூன்றரைக்கு ஆட்ட ஆரம்பித்தேன், நாலரை ஆகிவிட்டது. கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம். உங்களுக்கு நல்ல கணீர்க் குரல். வாசலில் நின்று "ஃபைபர் ஆபீஸ்லேர்ந்து வர்றேம்மா" என்றீர்களே, எனக்குக் கயிறு பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த ஃப்ளாஸ்கில் டீ இருக்கிறது. காலையில் போட்டது, சூடு இருக்கும். ஊற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். உங்கள் ஆட்கள் ஏணியும் ஒயருமாக இரண்டு தடவை வந்து திரும்பிப் போனார்கள். முதல் தடவை, வீட்டு ஓனர் ஊரில் இல்லை, அவரைக் கேட்காமல் சுவரில் துளை போடக் கூடாது என்றேன். அவர் அப்போது கீழே கேட் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உங்கள் ஆட்கள் அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் போனார்கள். இரண்டாவது தடவை, பாப்பாவுக்குக் காய்ச்சல் என்றேன். சொன்னதோடு முடிந்ததா? அன்று பொழுது முழுக்க இவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், நிஜமாகவே காய்ச்சல் வந்துவிடுமோ என்று. பன்னிரண்டு வருடம் கான்வென்ட்டில் படித்தவள் அக்கா. பொய் சொன்னால் சாயங்காலத்துக்குள் தண்டனை வரும் என்று உள்ளே ஒருத்தி உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பாள்.

வளர்மதி. கழுத்து அட்டையில் படித்தேன். என் பெயர் பெலிசிட்டா. விண்ணப்பம் என் பெயரில்தான் இருக்கும். இவர், பாப்பாவின் அப்பா, சிங்கப்பூரிலிருந்து உங்கள் வெப்சைட்டில் பதிந்தார். ஏசி மெக்கானிக். சத்தத்தை வைத்தே எந்த மோட்டாருக்கு எண்ணெய் போட வேண்டும் என்று சொல்லிவிடுவார். போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இவள் பிறந்ததை வீடியோவில்தான் பார்த்தார்.

ஆமாம், நம்பர் வந்துவிட்டது. ஆறு எண். பத்து நிமிடம்தான் செல்லும் என்று போட்டிருக்கிறது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்றும் போட்டிருக்கிறது. அந்த 'யாரிடமும்' என்பதில் நீங்களும் சேர்த்திதானே அக்கா? சும்மா சொன்னேன், கோபப்படாதீர்கள். சொல்கிறேன். இரண்டே இரண்டு சந்தேகம், கேட்டுக்கொண்டு சொல்கிறேன்.

கரண்ட் போனால் நெட் போய்விடுமா? இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிட்டால் போகாதா. சரி. மழை, இடி? கண்ணாடி இழை, அதற்கு மழையும் தெரியாது இடியும் தெரியாதா. சரி. டிவி? இப்போது வருகிற சேனல் எல்லாம் வருமா? மேலே நாற்பது சேர்த்து வருமா. சரி. வீடியோ கால் நடுவில் நின்று நின்று போகுமே, அது? கட் ஆகவே ஆகாதா? ஒரு நாளைக்கு ஒரு தடவைகூட?

அப்படித்தான் நினைத்தேன்.

இல்லை, நல்ல விஷயம்தான். யார் இல்லை என்றார்கள்? கேபிள்கார ஸ்டீபன் அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் யோசிக்கிறேன். தெருவில் பைக்கை நிறுத்திவிட்டு அங்கிருந்தே கத்துவார், "தங்கச்சி, படம் தெரியுதா? பாப்பா தூங்குதா?" என்று. பாப்பா தூங்கிக்கொண்டிருந்தால் அதோடு எழுந்துவிடும். ஆனாலும் ஒரு மனிதர் கேட்கிறாரே. எனக்கு டிவியே சத்தத்துக்குத்தான் அக்கா. பார்க்க மாட்டேன். சமையல் நிகழ்ச்சி ஒன்று ஓடும், அதில் ஒரு பெண் "இப்ப பாருங்க, பொன்னிறமா வந்துடுச்சு" என்பாள். அடுப்பங்கரையில் வேறு யாரோ நின்று வேலை பார்ப்பது மாதிரி இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டே இவளுக்குத் துணி மாற்றுவேன்.

நான் பயந்தவள் இல்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். எடமலைப்பட்டி புதூரில் மாடி வீட்டில் ஒற்றையாகப் பச்சைக் குழந்தையோடு இருக்கிறேன், பயந்தவள் இருப்பாளா?

என்ன, நேரம் முடிந்துவிட்டதா? பத்து நிமிடம் அதற்குள்ளா? சரி, இன்னொன்று அனுப்புங்கள். இந்தத் தடவை சொல்லிவிடுவேன்.

உங்களிடம் மறைப்பானேன் அக்கா. இந்த ஊரில் நீங்களும் யாரோ, நானும் யாரோ. நெட் இல்லை என் பிரச்சினை. கேமரா. உங்கள் நோட்டீஸில் இருக்கிறதே, குடும்பத் திட்டம் எடுத்தால் வீட்டுக்குள் வைக்கிற கேமரா இலவசம் என்று. அந்த நோட்டீஸை முதலில் பார்த்தது நான் இல்லை, என் மாமியார். மணப்பாறையில் பஸ் ஸ்டாண்டில் யாரோ கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கே இவருக்குப் போன் போட்டிருக்கிறார். இவர் எனக்குப் போட்டார். "அம்மா சொல்றாங்க பெலி, கேமராவோட வருதாம். அம்மாவும் பாத்துக்கலாம், நானும் பாத்துக்கலாம். நல்லதுதானே?"

நல்லதுதான். யார் இல்லை என்றார்கள்?

அத்தை அங்கன்வாடி டீச்சர். ஆரோக்கியமேரி டீச்சர் என்றால் மணப்பாறை பக்கம் நாலு ஊருக்குத் தெரியும். முப்பது வருடத்தில் அவர் கையில் வளராத பிள்ளை இல்லை. நான் குறை சொல்லவில்லை அக்கா. பிப்ரவரியில் நாலு நாள் லீவு போட்டுவிட்டு இங்கே வந்து இருந்தார். அந்த நாலு நாளும் இவள் அழவில்லை. எப்படி என்று கேட்காதீர்கள். தோளில் போட்டுக்கொண்டு அரிசி புடைப்பது மாதிரி ஒரு ஆட்டு ஆட்டுவார், அவ்வளவுதான், தூங்கிவிடுவாள். நானும் அதே மாதிரி ஆட்டிப் பார்த்தேன். பாலைக் கக்கினாள்.

போகிற அன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "முடியலைன்னா சொல்லிடு பெலி. ஒரு வருஷம் எங்கிட்ட இருக்கட்டும். நல்லா நடக்க ஆரம்பிச்சதும் கொண்டாந்து விட்டுடறேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குப் பயமே இருந்திருக்காது. அப்புறம் போன மாதம் ஒரு போட்டோ அனுப்பினார். நடைவண்டி. மரத்தில், சிவப்பும் பச்சையுமாகப் பெயின்ட் அடித்தது. இவளுக்கு எட்டு மாதம்தான் ஆகிறது, அதற்குள் வாங்கிவிட்டார். அழகான வண்டி. எங்கே நிற்கிறது தெரியுமா அந்தப் படத்தில்? மணப்பாறை வீட்டு முற்றத்தில்.

இங்கே வாங்கி அனுப்பவில்லை அக்கா. அங்கே வாங்கி வைத்திருக்கிறார்.

அப்படிப்பட்டவர் கையில் கேமராவைக் கொடுத்தால் என்ன ஆகும்? அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டே போனைத் திறந்து என்னைப் பார்ப்பார். நான் பல் தேய்க்காமல் மத்தியானம் வரை இருப்பதைப் பார்ப்பார். இவள் அழ அழ நான் இந்தக் கட்டில் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பார். சும்மா இல்லை, எழுந்திருக்கத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். நினைப்பது கேமராவில் விழுமா? அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிடுவார். ஒரு பையில் துணி, ஒரு பையில் பால் டப்பா, தோளில் என் பிள்ளை. நானும் படி வரைக்கும் போய் வழியனுப்புவேன், அதுதான் எனக்குப் பயம். "வேண்டாம் அத்தை" என்று சொல்ல எனக்கு வாய் வருமா என்றே தெரியவில்லை.

என் அம்மாவா? அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று அவர் கடலூரில் ஆஸ்பத்திரியே வீடாக இருக்கிறார். அவரிடம் இதையும் இறக்கி வைப்பேனா?

ஒரு நாள் ஒன்று நடந்துவிட்டது. ஒரே ஒரு நாள்தான். மார்ச்சில். காலையிலிருந்து இவள் விடாமல் அழுதாள். பால் கொடுத்தாயிற்று, வயிற்றுக்கு ஓம வாட்டர் கொடுத்தாயிற்று, பாட்டுப் பாடியாயிற்று, நானும் கூட அழுதாயிற்று. இவளைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். மொட்டை மாடிக்குப் போனேன். காற்றுக்கு. தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்தேன். அவ்வளவுதான்.

பத்து, பதினைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கி வந்தால் கதவுக்கு வெளியே கீழ் வீட்டம்மா நிற்கிறார். "அழுதழுது ஓய்ஞ்சே போச்சே பிள்ள, எங்கம்மா போன?" என்றார். துணி காயப் போட என்றேன். கையில் ஒரு துணியும் இல்லை. என் கன்னத்தில் தொட்டியின் சிமென்ட் வரி வரியாகப் பதிந்திருந்தது என்று அப்புறம் கண்ணாடியில் பார்த்தேன். கொஞ்சம் கண் அசந்திருக்கிறேன் போலிருக்கிறது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்தபோது மேலே போனேன். இறங்கும்போது பிள்ளைகள் மறுபடி வகுப்பில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். நல்ல மாதிரி. ஆனால் அதற்கு மறு வாரம்தானே இந்த ஃபைபர் பேச்சு ஆரம்பித்தது?

ஏன் அக்கா, டீயை ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டீர்கள்? உப்பா? உப்புப் போட்டிருக்கிறேனா? காலையில் நானும் ஒரு டம்ளர் குடித்தேனே.

எனக்கு ஒன்றும் தெரியவில்லையே.

போகட்டும். சிரிக்காதீர்கள், இவள் எழுந்துவிடுவாள். சிரித்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது. உங்களுக்கு இன்னொரு விஷயம் காட்டுகிறேன், அதற்கும் சிரிப்பீர்கள். என் முகத்தையே பாருங்கள். பேசிக்கொண்டே இருக்கிறேன், இவள் நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள், நானும் நேரத்துக்குச் சாப்...

பார்த்தீர்களா? வீடியோ கால் உறைந்துபோன மாதிரியே இருக்கிறதா இல்லையா? வாயைப் பாதி திறந்தபடி விட வேண்டும். அழகாக முகத்தை வைத்துக்கொண்டு நின்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நிஜ நெட் யாரையும் அழகான இடத்தில் நிறுத்தாது. மூச்சை மேல் நெஞ்சிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணைச் சிமிட்டக் கூடாது. போனுக்கு அடியில், படத்தில் விழாமல், கட்டை விரலால் மைக்கை அடைத்துவிட்டால் சத்தமும் போகாது.

இது பள்ளிக்கூடத்தில் கற்றது. டிசம்பர் வந்தால் எங்கள் கான்வென்ட்டில் கிறிஸ்மஸ் காட்சி வைப்பார்கள். பொம்மை இல்லை, பிள்ளைகளே ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். மூன்று வருடம் நான்தான் மாதா. தலைக்குப் பின்னால் அட்டையில் தங்கத் தாள் ஒட்டிய வட்டம், மடியில் துணிப் பொம்மை. திரை ஏறினால் இருபது நிமிடம். சூசையப்பராக நிற்பவள் தும்மிவிடுவாள், இடையர்கள் சொறிந்துகொள்வார்கள், நான் மட்டும் அசைய மாட்டேன். சிஸ்டர் யூலாலியா எல்லோரிடமும் சொல்வார், "பெலிசிட்டாவைப் பாருங்கள், உயிர் இருக்கிறதா என்று சந்தேகமே வரும்." அது எனக்குப் பெரிய பெருமை அப்போது.

முதல் தடவை நிஜமாகவே உறைந்தது. சாம்பல் புதனுக்கு மறுநாள். இவர் "எப்படி இருக்க பெலி?" என்றார். இதோ அழப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்தது, அந்த நொடியில் பார்த்து நெட் போனது. அப்பாடா என்று இருந்தது. திரும்ப வருவதற்குள் முகத்தைத் துடைத்துவிட்டேன். அதற்கு மறுநாளும் "எப்படி இருக்க" என்றார். நெட் நன்றாக இருந்தது. அதனால் நான் நின்றேன்.

அப்புறம் பழகிவிட்டது. எப்படி இருக்க, சாப்பிட்டியா, பாப்பாவோட சமாளிக்க முடியுதா. இந்த மூன்றில் எதைக் கேட்டாலும் நிற்பேன். இவர் என்ன செய்வார்? வேறு யாராயிருந்தாலும் கட் செய்து திரும்பக் கூப்பிடுவார்கள் இல்லையா? மாட்டார். "சரி, நெட் வரட்டும், நான் இங்கயேதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு தங்கியிருக்கிற விடுதி பெஞ்சில் அப்படியே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் பதினோரு நிமிடம். கண் எரிந்து தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. வேலை முடிந்து வந்த மனுஷன் குளித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் இல்லையா? சில விஷயத்தில் மந்தம் அக்கா இவர்.

கேளுங்கள், போன வாரம் அப்படித்தான் நின்று முடித்து, நெட் வந்த மாதிரி அசைந்து பேசுகிறேன். என்ன ஆச்சு, ஏது ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? "நம்ம ஃபேன் ஸ்லோவா ஓடுது பெலி, கண்டென்சர் மாத்தணும்" என்கிறார். எனக்கு எரிச்சலான எரிச்சல். நான் இங்கே என்ன பாடு படுகிறேன், இவருக்கு ஃபேன்.

இப்போது புரிகிறதா, கட் ஆகவே ஆகாது என்று நீங்கள் சொன்ன பிறகும் நான் ஏன் நம்பரைச் சொல்லாமல் இழுக்கிறேன் என்று? அந்த ஒரு வழிதான் எனக்கு இருந்தது. கேமரா வந்தால் பகல் முழுக்க அல்லவா மாதாவாக நிற்க வேண்டும்?

தெரியும் அக்கா, நீங்கள் ஐந்தரைக்குள் இன்னும் இரண்டு வீடு போக வேண்டும். சரி, நம்பரை அப்புறம் சொல்கிறேன், முதலில் விண்ணப்பத்துக்கான போட்டோவை எடுத்துவிடுங்கள். இங்கேயே உட்காரட்டுமா? ஜன்னல் வெளிச்சம் அடிக்கிறதா. அந்த ஸ்டூலில் வைத்து எடுங்கள், பருப்பு டப்பா இருக்கிறது பாருங்கள், அதில் சாய்த்தால் நிற்கும். நானும் என் போனை அப்படித்தான் வைத்துப் பேசுவேன்.

ம், எடுங்கள்.

என்ன சொல்கிறது? கண்ணைச் சிமிட்டவா? எதற்கு? உயிருள்ள ஆள்தானா, இல்லை போட்டோவைக் காட்டி ஏமாற்றுகிறார்களா என்று பார்க்கிறதா? நல்ல வேடிக்கை. சிமிட்டினேனே. சிமிட்டவில்லையா? இப்போது? இல்லையா? அக்கா, போனைப் பார்த்தாலே எனக்குக் கண் நின்றுவிடுகிறது போலிருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது அதில்? "நேரடி நபர் இல்லை." மூன்று தடவையும் அப்படியேவா சொல்கிறது?

சிஸ்டர் யூலாலியா இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

காட்டுங்கள், எப்படித்தான் இருக்கிறேன் பார்க்கிறேன். ஐயோ, தலை இது என்ன கோலம். இதோடவா உங்களை உள்ளே கூப்பிட்டேன்? என் தலைக்குப் பின்னால் இது என்ன, வட்டமாக, மங்கலாக?

ஃபேனா.

கீழேயிருந்து எடுத்தால் ஃபேனும் விழுமா. ஓடுகிறது, அதனால் கலங்கித் தெரிகிறதா.

இருங்கள் அக்கா. ஒரு நிமிடம். நானும் இந்த இடத்தில்தான் உட்காருவேன். ஸ்டூல் அங்கேதான் இருக்கும். அந்தச் சின்னக் கட்டத்தில் என் முகம் சரியாக நிற்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பேன். மேலே பார்த்ததே இல்லை. நெட் நின்றால் எல்லாம்தானே நிற்க வேண்டும்? நான் மட்டும் நின்று, ஃபேன் ஓடினால்?

கண்டென்சர் மாத்தணும் என்றாரே. ஸ்லோவாக ஓடுகிறது என்று எப்படித் தெரிந்தது?

உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பதினோரு நிமிடமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சாம்பல் புதன் எப்போது வந்தது? தவக்காலம் முழுக்க, ஈஸ்டர் போய், அதற்கு மேலும் மூன்று வாரம். பத்து வாரம் அக்கா. பத்து வாரமாக ஒரு மனிதர், பெண்டாட்டி பொம்மை மாதிரி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "நெட் வரட்டும், நான் இங்கயேதான் இருக்கேன்" என்று சொல்லியிருக்கிறார். யாரிடம் சொன்னார் அதை? நெட் போய்விட்டதென்றால் எனக்குக் கேட்காதே. கேட்கும் என்று தெரிந்துதானே சொல்லியிருக்கிறார்?

இதை எப்படி எடுத்துக்கொள்வது? நல்லதாகவா, கெட்டதாகவா? தெரிந்துதான் கேமரா கேட்டாரோ? பெலி நடிக்கிறாள், அம்மாவை வைத்துக் கவனிக்க வேண்டும் என்று? சொல்லுங்கள் அக்கா, நீங்கள் எத்தனை வீடு பார்க்கிறீர்கள்.

உங்கள் போனில் இருக்கிறதா, அவர் பதிந்தது? படியுங்கள். நெட், ஆமாம். டிவி, ஆமாம். கேமரா? என்ன போட்டிருக்கிறார்? "வீட்டில் கேட்டுக்கொள்ளவும்."

அத்தை சொன்ன பிறகும் அப்படித்தான் போட்டாரா?

போன் அடிக்கிறது. அவர்தான். ஐந்து மணி ஆகிவிட்டதா? இல்லை அக்கா, போகாதீர்கள். நீங்கள் இருந்தால்தான் பேசுவேன். இந்தக் கயிற்றை மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா? வேகமாக வேண்டாம், இப்படி, லேசாக.

ம், சொல்லுங்க. இப்பதான் வந்தீங்களா? குளிச்சாச்சா? ம். தூங்குறா. ஃபைபர் ஆபீஸ் அக்கா வந்திருக்காங்க, அவங்கதான் தொட்டில ஆட்டுறாங்க. ம். இன்னும் நம்பர் சொல்லலை.

நானா? நான் நல்லாத்தான்...

இல்லைங்க. இருங்க. கட் ஆகலை. நெட்டு வரட்டும்னு சொல்லாதீங்க, நெட்டு இருக்கு. நான்தான் நிக்கிறேன். இத்தன நாளும் நான்தான்.

எப்பலேர்ந்து? முதல் நாளேவா?

ஏன் சொல்லல அப்ப?

சொன்னா நான் போனை வச்சிடுவேன்னா? ஆமா. வச்சிருப்பேன்.

ஏங்க, நான் ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாதீங்க. மார்ச்ல ஒரு நாள் பாப்பாவை அழவிட்டுட்டு மாடிக்குப் போயிட்டேன். கதவச் சாத்திட்டுப் போயிட்டேன். பத்து நிமிஷம் இல்லங்க, முக்கால் மணி நேரம். தூங்கிட்டேன். அவ தொண்ட வத்திக் கெடந்தா. அன்னிலேர்ந்து எனக்கு என்னப் பாத்தே பயமா இருக்கு. டீல உப்புப் போடுறேன், குடிக்கிறேன், தெரிய மாட்டேங்குது. எனக்கு முடியலைங்க.

ம்.

ம். அழலை. ஆமா, அழறேன்.

டாக்டர்ட்டயா? போறேன். எனக்குத்தான், தெரியுது. கீழ் வீட்டம்மாவக் கூப்பிடுறேன் துணைக்கு.

அத்தைகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. நான் சொல்றேன். எல்லாத்தையும் நானே சொல்றேன். மே மாச லீவுக்கு இங்க வரட்டும். அந்த நடைவண்டியையும் எடுத்துக்கிட்டு வரட்டும், இந்த வீட்டுல ஓட்டட்டும். பாக்கணும்னா இங்க என் பக்கத்துல உக்காந்து பாக்கட்டும். பாப்பா எங்கயும் போக மாட்டா. கேமரா வேணாம். அந்த அக்காகிட்ட வேணாம்னு சொல்லிடுறேன். சரியா?

வைக்காதீங்க. அப்படியே இருங்க. பேச வேணாம், சும்மா இருங்க.

அக்கா, அந்த நம்பர் இந்நேரம் செத்திருக்கும். இன்னொன்று அனுப்புங்கள். போட்டோவும் மறுபடி எடுக்க வேண்டுமா? எடுங்கள். இல்லை, முகம் கழுவ வேண்டாம், அதற்குள் இவள் எழுந்துவிடுவாள். இப்படியே எடுங்கள்.

என்ன, முடிந்துவிட்டதா? சிமிட்டச் சொல்லவே இல்லையே. கேட்பதற்கு முன்னாலேயே எடுத்துக்கொண்டதா?

இதோ, நம்பரும் வந்துவிட்டது. எழுதிக்கொள்ளுங்கள். எட்டு, இரண்டு, சைபர். மறுபடி சைபர். ஐந்து.

கடைசியில் ஒன்பது.